அரை விலைக் கெமராவும் 150 வருடப் பாடமும்



ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் ஒதுக்கி வாசியுங்கள். வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் முடித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

போன தவணையில் ஒரு நாள், இடைவேளை நேரம். எங்கள் பாடசாலையில் படித்து உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை ஆசிரியர் அறைக்கு வந்தான். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தொழிலைத் தொடங்க வேண்டும் என்பது அவனுடைய நீண்ட நாள் ஆசை. போனில் ஒரு முகநூல் பக்கத்தைக் காட்டினான். புத்தம் புதிய கெனன் கெமரா, இரண்டு லென்ஸ், பை எல்லாம் சேர்த்து 65,000 ரூபா. கடையில் அதே கெமரா ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

"சேர், எடுக்கலாமா?" என்று கேட்டான்.

அங்கே நாங்கள் நான்கு பேர் இருந்தோம். போனைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தோம். படங்கள் அழகாக இருந்தன. கீழே பலர் 'நல்ல சேவை' என்று எழுதியிருந்தார்கள். எங்களில் ஒருவர், "நல்ல விலைதான், முடியிறதுக்கு முந்தி எடு" என்றார். மற்ற மூவரும் மறுத்து எதுவும் சொல்லவில்லை. மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டோம்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். கையில் வங்கியில் காசு போட்ட துண்டு இருந்தது. மாலையை அடகு வைத்து 65,000 ரூபா போட்டிருக்கிறார். அடுத்த நாள் "பொருள் சுங்கத்தில் நிற்கிறது, இன்னும் 12,000 அனுப்புங்கள்" என்று செய்தி வந்திருக்கிறது. அதையும் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமும் இல்லை, அந்த நம்பரும் வேலை செய்யவில்லை.

அவர் எங்களை ஏசவில்லை. "சேர்மாருக்கிட்டயும் காட்டினான் எண்டு சொன்னான். அதனாலதான் நானும் குடுத்தன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவர்கள் நாங்கள். சான்றைப் பார், மூலத்தைப் பார், யார் சொன்னது என்று கேள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறோம். எங்கள் கைக்கு ஒரு விளம்பரம் வந்தபோது அதில் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த விடயத்தைத் தேடி வாசித்தோம். மலிவு விலை, கண்ணால் காணாத கடைக்காரர், முன்கூட்டியே கொடுக்கும் காசு ஆகிய மூன்றும் சேர்ந்த இந்தக் கதை முகநூலோடு தொடங்கவில்லை. அதற்கு 150 வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் கெமரா திரும்பத் திரும்ப வருகிறது. வாசித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மலிவாக விற்றதால் கள்வன் என்று பெயர் வாங்கிய ஒரு நல்ல வியாபாரி

முதலில் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துக்குப் போவோம். 1872. ஆரோன் மொன்ட்கொமரி வோர்ட் என்பவர் ஊர் ஊராகச் சென்று விற்கும் வியாபாரப் பிரதிநிதியாக வேலை செய்தவர். கிராமத்து விவசாயிகள் ஒரே ஒரு கடையை நம்பி, அந்தக் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவதைக் கண்டவர். மொத்தமாக ரொக்கத்துக்கு வாங்கி, இடைத்தரகர் இல்லாமல் தபால் வழியாக நேரே விவசாயிக்கு அனுப்பினால் விலை குறையுமே என்று யோசித்தார். ஆரம்பத்தில் சேர்த்த பொருட்கள் 1871 ஆம் ஆண்டு சிக்காகோவில் ஏற்பட்ட பெரும் தீயில் அழிந்தன. அடுத்த வருடம் மறுபடி தொடங்கினார். முதல் விலைப்பட்டியல் ஒரே ஒரு தாள். அதில் 163 பொருட்கள்.

விலை மிகவும் குறைவாக இருந்தது. கடையையோ வாடிக்கையாளர் கண்ணால் காண முடியாது. 1873 இல் 'சிக்காகோ ட்ரிபியூன்' பத்திரிகை, இது ஏமாற்று நிறுவனம், விவசாயிகளே கவனம் என்று எழுதியது. பிறகு விசாரித்துப் பார்த்துவிட்டு, அதே வருடக் கடைசியில் அதே பத்திரிகை தான் எழுதியது தவறு என்று திருத்தம் போட்டது.

வோர்ட்டின் வியாபாரம் நேர்மையானது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? பொருள் வந்து சேர்ந்த இடத்தில் வாங்குபவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கும் ஏற்பாடு அவரிடம் இருந்தது. 1875 இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பொருள் பிடிக்காவிட்டால் காசைத் திருப்பித் தருவேன் என்று அச்சடித்தே அறிவித்தார்.

எங்களுக்கு இது முக்கியமாகப் பட்டது. மலிவு என்பது குற்றம் அல்ல. வோர்ட் மலிவாக விற்றதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை அவரால் சொல்லவும் முடிந்தது. காசு கைமாறும் முன் பொருளைப் பார்க்கவும் விட்டார்.

ஒரு டொலர் கெமரா

இனி கெமராவுக்கு வருவோம். 1888 இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 'கொடக்' என்ற பெயரில் ஒரு கெமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டொலர். உள்ளே 100 படங்களுக்கான பிலிம். எடுத்து முடிந்ததும் கெமராவையே கம்பனிக்கு அனுப்ப வேண்டும். 10 டொலர் கட்டினால் படங்களைக் கழுவி, புதுப் பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காலத்துச் சாதாரணத் தொழிலாளிக்கு 25 டொலர் என்பது எட்டாத காசு.

12 வருடம் கழித்து, 1900 பெப்ரவரியில், அதே கம்பனி 'பிரவுனி' என்ற கெமராவை விற்கத் தொடங்கியது. விலை ஒரே ஒரு டொலர். முதல் வருடத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்பனையானது. சிறு பிள்ளைகள்கூட வாங்கினார்கள்.

25 டொலரிலிருந்து ஒரு டொலர். இன்றைக்கு இப்படி ஒரு விளம்பரம் வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் இதற்கும் காரணம் இருந்தது. பிரவுனி ஒரு மட்டைப் பெட்டி. அதற்கு மிக எளிமையான ஒற்றை லென்ஸ். ஆறு படம் எடுக்கும் பிலிம் சுருள் 15 சதம். கெமராவை வாங்கியவர் மறுபடி மறுபடி பிலிம் வாங்குவார், கம்பனியின் இலாபம் அங்கேதான். கெமரா மலிவாக இருப்பதால் கம்பனிக்கு நட்டம் இல்லை.

எங்களிடம் வந்த 65,000 ரூபா விளம்பரத்துக்கு இப்படி ஏதாவது காரணம் இருந்ததா? ஒரு வரிகூட இல்லை. 'சலுகை', 'இன்று மட்டும்' என்ற சொற்கள் மட்டும்தான். சலுகை என்பது விலை குறைந்ததற்குக் காரணம் ஆகாது. விலை குறைந்திருக்கிறது என்பதையே வேறு சொல்லில் சொல்வதுதான் அது.

சின்ன எழுத்தில் ஒரு சொல்

வோர்ட்டுக்குப் போட்டியாக வந்தவர் ரிச்சர்ட் சியர்ஸ். ரயில் நிலைய ஊழியராக இருந்து, கடிகாரம் விற்கத் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் மிகப் பெரிய தபால்வழி வியாபாரியானவர். அவரது ஆரம்ப கால விளம்பரம் ஒன்றைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு சோபா, இரண்டு கதிரை, எல்லாம் சேர்த்து 95 சதம். படம் அழகாக இருந்தது. ஆசைப்பட்டுக் காசு அனுப்பியவர்களுக்கு வந்தது பொம்மை வீட்டுக்கான குட்டிச் சோபா! சின்னஞ்சிறியது என்ற சொல் விளம்பரத்தில் சின்ன எழுத்தில் ஏற்கனவே இருந்ததாம்.

அதே சியர்ஸ் கம்பனி பின்னாளில் பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதத்தைக் கொண்டுதான் நல்ல பெயர் எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தபால் வழியாக ஏமாற்றுவதைத் தண்டிக்கத்தக்க குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1872 இலேயே கொண்டுவந்துவிட்டது. வோர்ட் கடை தொடங்கிய அதே வருடம். தூரத்து வியாபாரம் தொடங்கிய நேரமே தூரத்து ஏமாற்றும் தொடங்கியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

புரூக்ளின் கடைகள்

அடுத்தது எங்கள் கதைக்கு மிக நெருக்கமான காலம். 1970களுக்குப் பிறகு அமெரிக்காவின் புகைப்படச் சஞ்சிகைகளின் பின்பக்கங்களைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் கெமரா விலைப்பட்டியல்தான். சிறிய எழுத்தில் நூற்றுக்கணக்கான விலைகள். பெரும்பாலானவை நியூயோர்க் நகரக் கடைகள்.

விலை குறைந்ததற்கு உண்மையான காரணங்களும் இருந்தன. அதுவரை பல மாநிலங்களில், உற்பத்தியாளர் சொன்ன விலைக்குக் கீழே கடைக்காரர் விற்க முடியாது என்று சட்டம் இருந்தது. 1975 இல் அந்த ஏற்பாட்டை அமெரிக்கக் காங்கிரஸ் முடிவுக்குக் கொண்டுவந்தது. 1980களின் முற்பகுதியில் டொலரின் பெறுமதி வெகுவாக உயர்ந்தது. ஜப்பான் கெமராக்கள் வேறு நாடுகளில் மலிவாகக் கிடைத்தன. அங்கே வாங்கிக் கொண்டுவந்து அமெரிக்காவில் விற்றார்கள். பொருள் அசல்தான். ஆனால் அமெரிக்க முகவரின் உத்தரவாதம் அதற்குக் கிடையாது. இந்த மாதிரி இறக்குமதி பற்றிய வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போய், 1988 இல் அதன் பெரும்பகுதியை அனுமதிக்கும் தீர்ப்பு வந்தது. நம் நாட்டிலும் 'கம்பனி வொரண்டி', 'கடை வொரண்டி' என்று இரண்டு விலை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே விடயம்தான்.

அந்தப் பின்பக்கங்களில் நேர்மையான கடைகளும் இருந்தன. அவற்றில் சில இன்றும் பெயரோடு இயங்குகின்றன. அதே பக்கத்தில், அதே எழுத்தில், ஏமாற்றுக் கடைகளும் விளம்பரம் போட்டன. வாசகருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் வெறும் விலைப்பட்டியல்தானே.

இணையம் வந்த பிறகு, 2000களில், இந்த மோசக் கடைகள் இணையத்துக்கு மாறின. அவற்றில் பல நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்ததால், 'புரூக்ளின் கடை' என்றாலே புகைப்படக்காரர்கள் எச்சரிக்கையாகும் அளவுக்குப் பெயர் கெட்டது. அவர்கள் ஏமாற்றிய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இதை நம்மூர்ப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இணையத்தில் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் இருந்தன. அங்கே எல்லோரையும் விடக் குறைந்த விலையைப் போடுவார்கள். அதனால் பட்டியலில் முதலாவதாக வருவார்கள். நீங்கள் வாங்குவதாகப் பதிவு செய்த பிறகு, "உங்கள் விபரத்தை உறுதிப்படுத்த வேண்டும், எங்களைக் கூப்பிடுங்கள்" என்று செய்தி வரும்.

கூப்பிட்டால் வியாபாரம் அங்கேதான் தொடங்கும். பெட்டரி வேண்டுமா? கெமராவோடு வருவது கொஞ்ச நேரம்தான் நிற்கும், நல்லது வேறு இருக்கிறது. சார்ஜர்? அது தனி விலை. உத்தரவாதம்? அதுவும் தனி. உண்மையில் உற்பத்தியாளர் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய பெட்டரி, சார்ஜர், வயர், கழுத்துப் பட்டி எல்லாவற்றையும் இவர்களே வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக உங்களுக்கே விற்பார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் நல்ல கடையின் விலையை விடக் கூடுதலாகப் போயிருக்கும்.

இதெல்லாம் வேண்டாம், கெமரா மட்டும் போதும் என்று நீங்கள் சொல்லிவிட்டால், திடீரென்று அந்தக் கெமரா கையிருப்பில் இருக்காது. எப்போது வரும் என்று கேட்டால் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். இரையைக் காட்டி இழுத்துவிட்டு வேறொன்றைத் தலையில் கட்டும் இந்த வித்தையை அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1967 ஆம் ஆண்டு விதிகளிலேயே கண்டித்திருந்தது. காட்டிய பொருளை விற்க மறுப்பதும், அதைக் குறை சொல்லி விலை கூடியதை வாங்க வைப்பதும் மோசடியின் அடையாளம் என்று அந்த விதிகள் சொல்கின்றன. விதி இருந்தது. கடைகளும் இருந்தன. ஒரு பெயர் கெட்டால், அதே இடத்திலிருந்து வேறு பெயரில் இன்னொரு இணையத்தளம் திறக்கப்படும்.

2005: ஒரு வாடிக்கையாளர் வாய் திறந்தார்

2005 நவம்பரில் தாமஸ் ஹாக் என்ற புனைபெயரில் எழுதும் சான் பிரான்சிஸ்கோ புகைப்படக்காரர் ஒருவர், இப்படிப்பட்ட புரூக்ளின் கடை ஒன்றில் கெனன் 5டி கெமராவுக்குப் பதிவு செய்தார். அப்போது அந்தக் கெமராவின் வழமையான விலை 3,299 டொலர். கடை போட்டிருந்தது சுமார் 3,000 டொலர்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அது அரை விலை அல்ல, வித்தியாசம் வெறும் பத்து வீதம் அளவுதான். அனுபவமுள்ள ஒருவரே நம்பும் அளவுக்குத்தான் தூண்டில் போடப்பட்டிருந்தது.

மேலே சொன்னபடியே எல்லாம் நடந்தது. தொலைபேசி உரையாடலில் மேலதிகப் பொருட்கள் வேண்டாம் என்றார். கெமரா கையிருப்பில் இல்லை என்றார்கள். நடந்ததை எழுதப் போவதாக அவர் சொன்னதும் மிரட்டத் தொடங்கினார்கள். அவர் பயப்படாமல் முழுவதையும் இணையத்தில் எழுதினார். அந்தப் பதிவு ஆயிரக்கணக்கானோரிடம் போய்ச் சேர்ந்தது. "எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது" என்று பலர் முன்வந்தார்கள். விலை ஒப்பிடும் தளங்கள் சில அந்தக் கடையைப் பட்டியலிலிருந்து நீக்கின.

அதே காலத்தில் புரூக்ளின்வாசி ஒருவர் இன்னொரு வேலை செய்தார். இணையத்தில் பிரமாண்டமாகத் தெரிந்த கெமராக் கடைகளின் முகவரிகளுக்கு நேரில் போய், அங்கே என்ன இருக்கிறது என்று படம் எடுத்துப் போட்டார். பெயர்ப்பலகை இல்லாத கதவு, இழுத்து மூடிய ஷட்டர், களஞ்சிய அறை போன்ற கட்டடம். பல பெயர்களுக்கு ஒரே முகவரி. சட்டத்தரணியும் இல்லை, பொலிசும் இல்லை. முகவரியைத் தேடிப் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான். நாங்கள் வகுப்பில் சொல்லும் 'மூலத்தைப் பார்' என்பதன் அர்த்தம் இதுதான் என்று அந்தப் படங்களைப் பற்றி வாசித்தபோது தோன்றியது.

நேர்மையானவர் ஏன் தோற்கிறார்?

1970 இல் ஜோர்ஜ் அகர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பாவித்த கார்ச் சந்தை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று சஞ்சிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. அதே ஆய்வுக்காக 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை எளிமையாகச் சொல்லலாம். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் விலையை மட்டும் பார்க்கிறார். நல்ல பொருள் வைத்திருப்பவரால் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. அவர் மெல்ல மெல்லச் சந்தையை விட்டு ஒதுங்குகிறார். கடைசியில் மிஞ்சுவது மோசமான பொருளும் மோசமான வியாபாரியும்தான். இதற்கு மருந்தாக உத்தரவாதத்தையும் நிலைத்த பெயரையும் அவர் குறிப்பிட்டார்.

நம்மூரில் போனும் கெமராவும் விற்கும் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். கடை வாடகை, வரி, உத்தரவாதம் எல்லாவற்றையும் சுமந்து நேர்மையாக விற்கிறார்கள். "முகநூலில் பாதி விலை போகுது, நீங்க கொள்ளை அடிக்கிறீங்க" என்று அவர்களின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறோம். ஏமாற்றுக்காரன் பறித்தது அந்த உம்மாவின் மாலையை மட்டுமல்ல. இந்தக் கடைக்காரரின் வியாபாரத்திலும் ஒரு பங்கைப் பறித்திருக்கிறான்.

நடுவில் ஒருவர்: 2003 சீனா

இனி நம்பிக்கை தரும் ஒரு கதை. 2003 இல் சீனாவில் 'தவோபாவ்' என்ற இணையச் சந்தை தொடங்கப்பட்டது. ஆட்கள் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், ஆனால் வாங்கவில்லை. வாங்குபவர் முதலில் பொருளை அனுப்பச் சொன்னார். விற்பவர் முதலில் காசை அனுப்பச் சொன்னார். ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

அந்த வருடம் ஒக்டோபரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வாங்குபவர் காசை நிறுவனத்திடம் கொடுப்பார். விற்பவர் பொருளை அனுப்புவார். பொருள் சரியாக வந்தது என்று வாங்குபவர் சொன்ன பிறகே காசு விற்பவருக்குப் போகும். இன்று உலகம் முழுவதும் தெரிந்த 'அலிபே' இப்படித்தான் பிறந்தது.

அந்த முறையில் நடந்த முதல் வியாபாரம் எது தெரியுமா? பாவித்த ஒரு புஜி டிஜிட்டல் கெமரா. விலை 750 யுவான். விற்றவர் ஜப்பானில் இருந்தார். வாங்கியவர் சீனாவின் சியான் நகரத்து மாணவர். காசு கட்டிய பிறகு அந்த மாணவருக்குப் பயம் வந்து, திருப்பிக் கேட்டதாகவும், ஊழியர் ஒருவர் தொலைபேசியில் பேசித் தைரியம் சொன்னதாகவும் அந்த நிறுவனத்தின் கதையில் சொல்வார்கள்.

அவரும் ஒரு மாணவர், எங்கள் பிள்ளையும் ஒரு மாணவன். இருவரும் காணாத ஒருவரிடமிருந்து கெமரா வாங்க ஆசைப்பட்டார்கள். அவருடைய காசு நடுவில் ஒருவரின் கையில் இருந்தது. எங்கள் பிள்ளையின் காசு நேரே முன்பின் தெரியாதவனின் கணக்குக்குப் போனது.

நம்முடைய நிலை

புரூக்ளின் கடைகள் மோசமானவை. ஆனாலும் அங்கே ஒரு கெமரா இருந்தது, ஒரு தொலைபேசி இருந்தது, ஒரு கதவாவது இருந்தது. அமெரிக்காவில் 1974 இல் வந்த சட்டத்தின்படி, கடன் அட்டையில் கட்டிய காசுக்குப் பொருள் வராவிட்டால் வாங்கியவர் வங்கியிடம் முறையிட்டுத் தடுக்க முடிந்தது. நம் பிள்ளைகளை ஏமாற்றும் பக்கங்களுக்குப் பின்னால் கெமராவே இல்லை. வேறு யாரோ எடுத்த படங்கள்தான் இருக்கின்றன. காசு வங்கி வைப்பாகப் போகிறது. எடுத்துவிட்டால் திரும்புவது மிகக் கடினம்.

ஆகவே இந்த 150 வருடத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட மூன்று கேள்விகள் இவை. ஆசிரியர் அறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம்.

1. ஏன் மலிவு? வோர்ட்டிடம் பதில் இருந்தது. பிரவுனியிடம் பதில் இருந்தது. பாவித்த பொருள், பழைய மாதிரி, கம்பனி உத்தரவாதம் இல்லாத இறக்குமதி போன்றவை எல்லாம் பதில்கள்தான். 'இன்று மட்டும் சலுகை' பதில் அல்ல.

2. பிரச்சினை வந்தால் எங்கே போய் யாரைக் கேட்பது? முகவரி இருந்தால் அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பிப் பாருங்கள். எந்த ஊரிலும் நமக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். முகநூல் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதை அந்தப் பக்கத்தின் விபரப் பகுதியிலேயே பார்க்கலாம். கடையின் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கு வேறொரு தனியாளின் பெயரில் என்றால் அங்கேயே நில்லுங்கள்.

3. பொருளைக் காணும் வரை காசு யார் கையில்? நேரில் போய் வாங்குவதே மேல். கூரியரில் வந்ததும் காசு என்றாலும், பெட்டியைத் திறக்கும் முன் காசைக் கேட்டால் அது பாதுகாப்பு ஆகாது. திறந்து பார்க்க விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். வோர்ட் 150 வருடத்துக்கு முன் அதற்கு விட்டார். பெட்டிக்குள் என்னென்ன வர வேண்டும் என்பதை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. காசு கொடுத்த பிறகு 'சுங்கம்', 'காப்புறுதி', 'அனுப்பும் செலவு' என்று மேலும் கேட்டால், போனது போகட்டும், அதற்கு மேல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த நிமிடமே உங்கள் வங்கியை அழைத்துச் சொல்லுங்கள். துண்டு, செய்திகள், பக்கத்தின் படங்கள் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். கடை உண்மையில் இருந்து, பொருளில் மோசம் செய்திருந்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

அதேநேரம் இணையத்தில் விற்கும் எல்லோரையும் கள்வர் என்று சொல்லிவிடாதீர்கள். நம்மூரிலேயே வீட்டிலிருந்து உடுப்பு, கேக், புத்தகம் விற்று நேர்மையாக உழைக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். ட்ரிபியூன் பத்திரிகை வோர்ட்டுக்குச் செய்த அநியாயத்தை நாம் அவர்களுக்குச் செய்யக் கூடாது. அவர்களிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

அந்தப் பிள்ளை இப்போது பக்கத்து ஊரில் ஒரு புகைப்படக்காரருக்கு உதவியாளனாகப் போகிறான். லைட் பிடிக்கிறான், பை தூக்குகிறான். போன வாரம் ஒரு வலீமாவில் கெமராவைக் கையில் கொடுத்துக் கொஞ்சம் படம் எடுக்க விட்டார்களாம். வந்து காட்டினான். நன்றாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பொலிசில் கொடுத்த முறைப்பாட்டுக்கு இன்னும் பதில் இல்லை. மாலை இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மீட்க நாங்கள் நால்வரும் மாதாமாதம் ஒரு தொகை சேர்க்கிறோம். உதவி என்று யாரும் இதைச் சொல்ல வேண்டாம். அன்று இடைவேளையில் நாங்கள் பட்ட கடன் அது.

உம்மாவிடமும் பிள்ளையிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இதை எழுதினோம். யார் என்று கீழே யாரும் கேட்க வேண்டாம். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி நடந்திருந்தால், பெயர் போடாமல் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். இன்னொரு பிள்ளை விளம்பரத்தோடு வரும்போது எங்களுக்கும் காட்ட உதவும்.